அற்புத வரங்கள் இன்றும் உண்டா?

நோய் தீர்க்கும் வரம், பரவசப் பேச்சு வரம், இறைவாக்கு வரம் முதலியன அப்போஸ்தலர் காலத்தோடு முடிந்துவிட்டன என்று சில சபையார் போதிக்கின்றனர். வேறு சிலரோ, விசுவாசம் உள்ளவனுக்கு மருந்து எதற்கு என்று கேட்கின்றனர். வீட்டில் ஒருவர் நோயாய்ப் படுத்திருக்கும்போது இது வெறும் வாதமன்று. ஆகவே திருச்சபையின் போதனையைத் தெளிவாய் அறிந்திருத்தல் அவசியம்.

புனித சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 12ஆம் அதிகாரத்தில் ஒன்பது வரங்களைக் கூறுகிறார். அவையெல்லாம் பொது நன்மைக்காக ஒரே ஆவியானவர் அளிப்பவை. அடுத்த அதிகாரத்தில், பரவசப் பேச்சு ஓய்ந்துபோகும் என்கிறார். எப்போது? நிறைவானது வரும்போது; அதாவது, நாம் இறைவனை முகமுகமாய்க் காணும்போது. அந்த நாள் இன்னும் வரவில்லை. ஆதலின் அவ்வசனத்தைக் காட்டி வரங்கள் முடிந்தன என்று நிறுவ இயலாது.

புனித அகுஸ்தீனாரும் தொடக்கத்தில், பழைய அற்புதங்கள் தம் காலம்வரை நீடிக்கவில்லை என்றே எழுதினார். பின்னர் 'கடவுளின் நகர்' என்னும் நூலின் 22ஆம் புத்தகத்தில், தம் ஹிப்போ நகரிலே புனித முடியப்பரின் திருப்பண்டத்தை நாடியோர் பெற்ற நலன்கள் இரண்டு ஆண்டுகளுக்குள் ஏறக்குறைய 70 எழுதி வைக்கப்பட்டன என்று சாட்சி பகர்கிறார்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964ல் திருச்சபையைப் பற்றி வெளியிட்ட ஏட்டின் 12ஆம் பிரிவு நமக்கு வழிகாட்டுகிறது. வரங்கள் பெரியவையாயினும் எளியவையாயினும் நன்றியோடு ஏற்கப்படவேண்டும். அசாதாரண வரங்களை யோசனையின்றித் தேடலாகாது. அவை உண்மையா என்று தீர்ப்பது திருச்சபை அதிகாரிகளின் கடமை. லூர்து நகரைப் பாருங்கள். அங்கு 1883 தொடக்கம் வைத்தியர்கள் குணமடைந்தோரைச் சோதிக்கின்றனர். முறையிடப்பட்டவை ஆயிரக்கணக்கில், ஆயர்கள் அற்புதம் என அறிவித்தவை எழுபதுக்குச் சற்று அதிகமே.

குணமடையாதவருக்கு விசுவாசம் இல்லை என்று பழிப்பதோ பெருந்தவறு. பிறரைக் குணமாக்கிய சின்னப்பரே துரோப்பீமுவை நோயாளியாக மிலேத்துவில் விட்டுவந்தார். தீமோத்தேயுவின் வயிற்று நோய்க்குச் சிறிது திராட்சை இரசம் அருந்தும்படி சொன்னார். இவர்களுக்கு விசுவாசம் இல்லை என்று எவர் சொல்லத் துணிவார்?

நம் நாட்டின் அப்போஸ்தலரான புனித யோசேப் வாஸ் அடிகளார், 1696ல் கண்டியில் வறட்சி வாட்டியபோது செபித்தார். மழை பெய்தது என்பது வரலாறு. மறு ஆண்டு பெரியம்மை பரவிற்று. அரசனும் பிரபுக்களும் நகரைவிட்டு அகன்றனர். அடிகளாரோ குடிசை குடிசையாய்ச் சென்று நோயாளிகளைக் கழுவி, உணவூட்டி, இறந்தோரை அடக்கஞ் செய்தார். மழையை வருவித்த அதே ஆவியானவரே இந்த அன்பையும் தந்தார். அன்பே வரங்களுள் மேலானது.

எனவே, உங்கள் வீட்டில் நோயாளி இருந்தால் குடும்பமாய்க் கூடிச் செபியுங்கள். அற்புதத்தையும் தாழ்மையோடு கேளுங்கள். பங்குக்குருவை அழைத்து நோயிற்பூசுதல் பெறச் செய்யுங்கள். வைத்தியர் தந்த மருந்தை நிறுத்தாதீர்கள். வைத்தியனையும் படைத்தவர் ஆண்டவரே என்கிறது சீராக் ஆகமம். குணம் தருவதற்கு எவராவது பணம் கேட்டால் அங்கிருந்து விலகுங்கள். ஆண்டவரின் கொடை விலைக்கு வருவதன்று.