பதிவை அழித்தால் பாக்கி தீராது

அன்புள்ள கயல்,

பழைய ட்ரூபல் 7 தளம் ஒன்றை ட்ரூபல் 10-க்கு மாற்றும் வேலையை நீ தனியாளாக ஏற்றிருக்கிறாய் என்று அண்ணன் சொன்னார். சந்தோஷம். கூடவே, "சிஸ்டம் டேபிளில் செத்துக் கிடக்கிற மாட்யூல்களை எல்லாம் ஒரே டிலீட் குவரியில் தூக்கிவிடப் போகிறேன்" என்று நீ சொன்னதையும் சொன்னார். அவருக்கு அது வீட்டு வேலை மாதிரிதான் பட்டிருக்கிறது. எனக்கு அப்படிப் படவில்லை. அதனால்தான் போனில் கூப்பிடாமல் கடிதமாகவே எழுதுகிறேன். போனில் என்றால் நீ "சரி அத்தை, சரி அத்தை" என்று சொல்லிவிட்டு நினைத்ததையே செய்வாய். எப்படிச் செய்வது என்பது உன் முடிவுதான், நான் குறுக்கே நிற்கவில்லை. முடிவெடுக்கும் முன், அந்தப் பதிவுகள் அங்கே எதற்காக இருக்கின்றன என்பதை மட்டும் யோசித்துப் பார்.

ட்ரூபல் 7-இல் ஒவ்வொரு மாட்யூலுக்கும் சிஸ்டம் டேபிளில் ஒரு பதிவு உண்டு. அதில் இரண்டு விவரங்கள்தான் முக்கியம்: ஸ்டேட்டஸ், ஸ்கீமா வெர்ஷன். ஸ்டேட்டஸ் 1 என்றால் மாட்யூல் ஓடுகிறது, 0 என்றால் ஓடவில்லை. இதை எல்லாரும் பார்ப்பார்கள். ஸ்கீமா வெர்ஷனை யாரும் பார்ப்பதில்லை. அது -1 ஆக இருந்தால் அந்த மாட்யூல் இந்த டேட்டாபேஸில் இன்ஸ்டால் ஆகாத ஒன்று. 0, 7000, 7003 என்று வேறு எதுவாக இருந்தாலும் அது ஒரு காலத்தில் இங்கே குடியேறியிருக்கிறது, இன்னும் முறைப்படி வெளியேறவில்லை என்று பொருள். மாட்யூல் பட்டியலைப் புதுப்பிக்கும்போது, ஃபோல்டர் காணாமல் போன மாட்யூல்களின் பதிவுகளை ட்ரூபலே அழிக்கும். ஆனால் ஸ்கீமா வெர்ஷன் -1 ஆக உள்ளவற்றை மட்டும்தான். மற்றவற்றைத் தொடாது. ஆகவே நீ குப்பை என்று நினைக்கும் பதிவுகள் ட்ரூபல் பெருக்க மறந்தவை அல்ல, வேண்டுமென்றே விட்டுவைத்தவை. 7.50 பதிப்பிலிருந்து வரும் "மாட்யூல் ஃபைல் சிஸ்டத்தில் இல்லை" என்ற எச்சரிக்கையும் இதைத்தான் சொல்கிறது. யாரோ அன்இன்ஸ்டால் செய்யாமல் ஃபோல்டரை மட்டும் அழித்திருக்கிறார்கள்.

பதிவை அழித்தால் எச்சரிக்கை நின்றுவிடும், உண்மை. ஆனால் அந்த மாட்யூல் உருவாக்கிய டேபிள்கள் அப்படியே இருக்கும், வேரியபிள் டேபிளில் அது எழுதிவைத்த அமைப்புகளும் இருக்கும். ட்ரூபல் 7 அந்த வேரியபிள்கள் அத்தனையையும் ஒவ்வொரு பக்கத்துக்கும் மொத்தமாக ஏற்றுகிறது. யாருக்கும் வேண்டாதவையும் சேர்ந்தே ஏறும். நாளைக்கு அதே மாட்யூலை யாராவது திரும்ப இன்ஸ்டால் செய்தால், "டேபிள் ஏற்கெனவே இருக்கிறது" என்று பிழை காட்டி நின்றுவிடும். இதையெல்லாம்விட உனக்கு நேரடியாக அடி விழும் இடம் வேறு. ட்ரூபல் 10-இன் மைக்ரேட் மாட்யூல், பழைய தளத்தின் சிஸ்டம் டேபிளைப் படித்துத்தான் அங்கே எந்த மாட்யூல் இயங்கியது என்று முடிவு செய்கிறது. பதிவு இல்லையென்றால், அந்த மாட்யூலின் தரவைக் கொண்டுவர வேண்டிய மைக்ரேஷன் "மூலத் தளத்தில் இந்த மாட்யூல் இயக்கத்தில் இல்லை" என்று ஒதுங்கிக்கொள்ளும். தரவு பழைய டேட்டாபேஸில் பத்திரமாக இருக்கும், புதுத் தளத்துக்கு மட்டும் வராது. அது வரவில்லை என்பதை வாடிக்கையாளர்தான் முதலில் கவனிப்பார்.

நம் ஊர் நிலத்துப் பட்டா விவகாரத்தை இங்கே இழுக்க வேண்டாம் என்றுதான் பார்த்தேன். ஆனால் நீ செய்யப் போவது அச்சு அசலாக அதுதான். ஆள் போய்விட்டார், பதிவேட்டில் பெயர் நிற்கிறது என்றால், பெயரை அடித்துவிடுவது தீர்வு இல்லை. அவர் பேரில் என்னென்ன இருந்தது, யாருக்குப் போனது என்று எழுதி முடித்த பிறகுதான் பெயரை எடுக்க வேண்டும். "அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்" என்று உன் தாத்தா காலத்தில் சொன்ன ஒரு வார்த்தைக்கு இந்தக் குடும்பம் இன்னும் கோர்ட்டுக்கு நடந்துகொண்டிருக்கிறது. பேரில்லாமல் நிற்கும் சொத்தைப் போலத்தான் பதிவில்லாமல் நிற்கும் டேபிளும். அது யாருடையது என்று சொல்லத் தளத்துக்குள் சாட்சியே இருக்காது.

நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். மாட்யூலின் கோடே இல்லாதபோது எப்படி அன்இன்ஸ்டால் செய்வது என்பாய். பொது மாட்யூலாக இருந்தால் அதன் பழைய பதிப்பை எடுத்து ஃபோல்டரில் திரும்ப வை, டிசேபிள் செய், அன்இன்ஸ்டால் செய், பிறகு ஃபோல்டரை எடு. ஸ்கீமா வெர்ஷன் -1 ஆகிவிடும். பதிவை ட்ரூபலே அழித்துக்கொள்ளும். எழுதியவரும் போய், கோடும் தொலைந்துபோன சொந்த மாட்யூல் என்றால், அப்போது மட்டும் கையை வைக்கலாம். அதுவும் அதன் டேபிள்களை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு, டேட்டாபேஸின் முழு டம்ப் எடுத்த பிறகு. அடுத்து, நேரமில்லை என்பாய். ட்ரூபல் 7-க்கான ஆதரவு 2025 ஜனவரி 5-ஆம் தேதியே முடிந்துவிட்டது, வாடிக்கையாளர் அவசரப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் புதுத் தளம் புது டேட்டாபேஸில் எழுகிறது. பழைய சிஸ்டம் டேபிள் அங்கே வரவே போவதில்லை. வராத ஒன்றை ஏன் சுத்தம் செய்ய வேண்டும்? அவசரம் உனக்குச் சாதகமாகவே பேசுகிறது: மாற்றம் முடிகிறவரை எதையும் தொடாமல் இருப்பதுதான் இருப்பதிலேயே சுருக்கமான வழி. முறையான அன்இன்ஸ்டால்கூட டேபிள்களைத் தரவோடு அழித்துவிடும் என்பதால், வேண்டிய தரவெல்லாம் புதுத் தளத்தில் ஏறிவிட்டதா என்று பார்த்த பிறகே அதையும் செய்.

என் கட்சி எப்போதும் ஒன்றுதான், நீ சலித்துக்கொண்டாலும் சொல்வேன். மாட்யூல் எழுத உட்கார்ந்தால் அன்இன்ஸ்டால் பகுதியை முதலில் எழுது. ட்ரூபல் 7-இல் ஸ்கீமாவில் சொன்ன டேபிள்கள் தாமாகவே அழிந்தன, வேரியபிள்களை எழுதியவர்தான் அழிக்க வேண்டியிருந்தது. பாதிப் பேர் அழிக்கவில்லை. ட்ரூபல் 10-இல் மாட்யூலின் பெயரில் இருக்கும் கான்ஃபிக் அதோடு சேர்ந்தே போய்விடும், ஆனால் ஸ்டேட் என்ற தனிச் சேமிப்பில் நீ எழுதிவைத்ததை நீதான் அழிக்க வேண்டும். 2015-இல் வந்த ட்ரூபல் 8 டிசேபிள் என்ற நிலையையே எடுத்துவிட்டது. கோடு ஓடாமல், தரவு மட்டும் கிடந்தால் அதன் ஒழுங்குக்கு யாரும் பொறுப்பேற்க முடியாது என்பதுதான் காரணம். இருக்கிறாயா, இரு, போகிறாயா, உன்னுடையதை எல்லாம் எடுத்துக்கொண்டு போ. நடுவில் நிற்க இடமில்லை. மொத்த ட்ரூபல் சமூகமும் அனுபவப்பட்டு வந்து சேர்ந்த முடிவு இது. இதற்குப் பிறகும் டிலீட் குவரிதான் என்றால், உன் இஷ்டம்.

ரொம்பப் பேசிவிட்டேன். உன் வயதில் இப்படி ஒரு வேலையைத் தனியாக ஏற்கும் தைரியம் நம் வீட்டில் வேறு யாருக்கும் இருந்ததில்லை, எனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நீ எழுதும் கோடு சுத்தமாக இருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. அண்ணனிடமும் அதைத்தான் சொன்னேன், கேட்டுப்பார். ராத்திரி கண் விழித்து வேலை பார்க்காதே, நேரத்துக்குச் சாப்பிடு, பொங்கலுக்கு இங்கேதான் வர வேண்டும். எந்த நேரமானாலும் கூப்பிடு, எடுப்பேன். எந்த முடிவெடுத்தாலும் சரி, லைவ் டேட்டாபேஸில் கை வைக்கும் முன் டம்ப் எடுத்துவிடு. எடுத்துவிட்டேன் என்று எனக்கு ஒரு வரி மெசேஜ் போடு.

பிரியமுள்ள
அத்தை