பாகம் பிரியாத வீட்டில் கார் சார்ஜர்: யார் யார் கையெழுத்து வேண்டும்?

கேள்வி: காரைக்குடியில் எங்கள் ஐயா (அப்பாவின் அப்பா) கட்டிய வீட்டில் குடியிருக்கிறேன். பங்காளிகள் மூன்று புள்ளி (குடும்பம்). இன்னும் பாகம் பிரிக்கவில்லை. பெரியப்பா மகன் சென்னையிலும் சித்தப்பா மகன் மலேசியாவிலும் இருக்கிறார்கள். கரண்ட் கனெக்‌ஷன் இன்னும் ஐயா பெயரிலேயே ஓடுகிறது. சமீபத்தில் ஒரு பிளக்-இன் ஹைபிரிட் காரைப் பழைய வண்டியாக வாங்கினேன். விற்றவர் 7.4 கிலோவாட் வால்பாக்ஸ் சார்ஜர் மாட்டச் சொல்கிறார். முகப்பை ஒட்டிய பழைய கார் கொட்டகையில் மாட்டலாம் என்றால், சென்னை அண்ணன் சம்மதிக்கவில்லை. “எல்லாருடைய கையெழுத்தும் இல்லாமல் சுவரில் ஆணிகூட அடிக்கக் கூடாது, தேக்குத் தூண் வீட்டில் தீப்பிடித்தால் யார் பொறுப்பு? யுனெஸ்கோ பட்டியலில் உள்ள ஊர், அதற்கும் அனுமதி வாங்க வேண்டும்” என்கிறார். கார் சார்ஜருக்குக் கடைக் கட்டணம்தான் போடுவார்கள் என்று மின்வாரியத்தில் ஒருவர் சொன்னார். வரிச்சலுகை ஏதும் உண்டா? நான் என்ன செய்ய வேண்டும்?

- வாசகர், காரைக்குடி

பதில்: முதலில் சார்ஜரின் அளவை முடிவு செய்யுங்கள். கையெழுத்துப் பிரச்சினை எவ்வளவு பெரிதாகும் என்பது அதைப் பொறுத்தது.

கார் எவ்வளவு வேகமாகச் சார்ஜ் ஆகும் என்பதைத் தீர்மானிப்பது சுவரில் மாட்டும் பெட்டி அல்ல. காருக்குள்ளேயே இருக்கும் சார்ஜர்தான். பிளக்-இன் ஹைபிரிட் கார்கள் பலவற்றில் அது 3.6 கிலோவாட் அளவில்தான் இருக்கும். அத்தகைய காருக்கு 7.4 கிலோவாட் பெட்டி மாட்டினாலும் கார் 3.6-ஐத் தாண்டி வாங்காது. உங்கள் காரின் கையேட்டில் இந்த அளவு அச்சிட்டிருக்கும், பாருங்கள். 16 ஆம்பியர் தனி லைன், 230 வோல்ட்டில் ஏறத்தாழ 3.6 கிலோவாட் தரும். 12 யூனிட் கொள்ளளவுள்ள பேட்டரியை நான்கு மணி நேரத்துக்குள் நிரப்ப அது போதும். முழு மின்சாரக் காரின் பேட்டரி இதைப்போல் பல மடங்கு பெரியது. வால்பாக்ஸ் விற்பவர்கள் அந்தக் கணக்கை உங்களிடம் சொல்கிறார்கள்.

இதில் சட்டம் எங்கே வருகிறது என்றால், தமிழ்நாட்டில் ஒருமுனை வீட்டு இணைப்புக்குப் பொதுவாக 4 கிலோவாட்தான் வரம்பு. 7.4 கிலோவாட் என்றால் மும்முனை இணைப்பும் கூடுதல் மின்பளுவும் கேட்டு மனுப் போட வேண்டும். இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் மனுதாரர். உங்கள் வீட்டில் அவர் ஐயா, காலமாகிவிட்டவர். ஆகவே முதலில் பெயர் மாற்றம், அதற்கு வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம் என்று சங்கிலி நீளும். பழைய பெரிய வீடுகளில் ஏற்கெனவே மும்முனை இணைப்பு இருப்பதுண்டு. மின்கட்டண ரசீதில் அனுமதிக்கப்பட்ட மின்பளு எவ்வளவு என்று பாருங்கள். ஏ.சி., மோட்டார், கார் மூன்றும் அதற்குள் அடங்கினால் உங்களுக்கு மின்வாரியத்திடம் இப்போதைக்கு வேலையே இல்லை. அடங்காவிட்டால் மனுப் போடாமல் ஓட்டாதீர்கள்.

இருக்கும் இணைப்பிலேயே சொந்தக் காரைச் சார்ஜ் செய்ய உங்களுக்கு உரிமை உண்டா? உண்டு. மத்திய மின் அமைச்சகம் 2018 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் வீட்டில் சார்ஜ் செய்வதை அனுமதித்தன. 2022 ஜனவரி, 2024 செப்டம்பர் வழிகாட்டுதல்களும் அதையே சொல்கின்றன. வீட்டில் செய்யும் சார்ஜுக்கு வீட்டுக் கட்டணமே பொருந்தும் என்பது அவற்றில் தெளிவாக்கப்பட்ட விஷயம். உங்களிடம் கடைக் கட்டணம் என்று சொன்னவர் பொதுச் சார்ஜிங் நிலையத்தை மனதில் வைத்துச் சொல்லியிருப்பார்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. செட்டிநாட்டில் பல வீடுகள் இன்று விருந்தினர் விடுதிகளாகிவிட்டன. நாளைக்கு உங்கள் வீட்டிலும் சுற்றுலாப் பயணிகளைத் தங்கவைத்து, அவர்கள் காருக்குப் பணம் வாங்கிச் சார்ஜ் போட்டுக் கொடுத்தால், அல்லது வாடகைக் காரை இதே லைனில் போட்டால், அது 2003 மின்சாரச் சட்டம் 126-ஆம் பிரிவின்படி அனுமதியற்ற பயன்பாடு. உரிய கட்டணத்தைப் போல் இரண்டு மடங்கு விதிப்பார்கள். எப்போதிலிருந்து நடந்தது என்று தெரியாவிட்டால் ஆய்வுக்கு முந்தைய 12 மாதத்துக்கும் சேர்த்து வரும். தோட்டத்து பம்ப்செட்டின் இலவச மின்சாரத்திலிருந்து லைன் இழுப்பது இதைவிட மோசம். யார் யோசனை சொன்னாலும் கேட்காதீர்கள்.

கட்டணத்தையும் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். தினம் 10 யூனிட் என்றால் இரண்டு மாதத்துக்கு 600 யூனிட். வீட்டுச் செலவு இல்லாமலேயே 500 யூனிட் என்ற கட்டண வரம்பைத் தாண்டிவிடும். தாண்டினால் கீழ்ப்படி யூனிட்டுகளின் விலையும் ஏறும். வீட்டு மீட்டரில் ஏற்ற வேண்டாம் என்றால், காருக்கெனத் தனி இணைப்புக் கேட்க மின் நுகர்வோர் உரிமை விதிகளில் 2024 பிப்ரவரித் திருத்தம் வழி செய்திருக்கிறது. நகராட்சி, மாநகராட்சிப் பகுதிகளில் புதிய இணைப்பை அதிகபட்சம் 7 நாளிலும், கிராமங்களில் 15 நாளிலும் கொடுக்க வேண்டும் என்கிறது அந்தத் திருத்தம். காரைக்குடி 2024-ல் மாநகராட்சியாகிவிட்டதால் உங்களுக்கு 7 நாள் கணக்கு. ஆனால் இன்னொரு 100 இலவச யூனிட் கிடைக்கும் என்ற ஆசையில் தனி இணைப்புக் கேட்காதீர்கள். ஒரே குடும்பம் ஒரே வீட்டில் இரண்டு வீட்டு இணைப்பு வைத்திருந்தால் வாரியம் கட்டாயம் கேள்வி கேட்கும்.

இனி பங்காளி விஷயம். உங்கள் அண்ணன் சொல்வதில் பாதி சரி, பாதி தவறு.

மின்சாரம் பெறுவதைப் பொறுத்தவரை அவர் மறுப்பு உங்களைக் கட்டுப்படுத்தாது. மின்சாரச் சட்டம் 43-ஆம் பிரிவு, கட்டடத்தின் உரிமையாளர் மட்டுமல்ல, அதில் குடியிருப்பவர் கேட்டாலும் மின்சாரம் தர வேண்டும் என்கிறது. 2022 மே மாதம் திலீப் எதிர் சதீஷ் வழக்கில் உச்ச நீதிமன்றம், மின்சாரம் அடிப்படை வசதி, வீட்டுக்காரர் தடையின்மைச் சான்று தரவில்லை என்பதற்காகக் குடியிருப்பவருக்கு அதை மறுக்க முடியாது, மனுதாரர் அங்கே குடியிருக்கிறாரா என்பதை மட்டும் வாரியம் பார்த்தால் போதும் என்று சொல்லிவிட்டது. வாடகைதாரருக்கே இந்த நிலை என்றால் கூட்டு உரிமையாளரான உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சம்மதம் கிடைக்காவிட்டால் சட்டப்படி குடியிருப்பதற்கான ஆதாரமும் பிணையுறுதிப் பத்திரமும் கொடுத்து இணைப்பு வாங்கத் தமிழ்நாடு மின் பகிர்மான விதித்தொகுப்பில் வழி இருக்கிறது. வைப்புத்தொகை கூடும்.

சுவர் விஷயம் வேறு. பாகம் பிரியாத சொத்தில் ஒவ்வொரு கூட்டு உரிமையாளருக்கும் ஒவ்வொரு அங்குலத்திலும் உரிமை உண்டு என்பதை ஜெய்சிங் எதிர் குர்மேஜ்சிங் தீர்ப்பில் (2009) உச்ச நீதிமன்றம் தொகுத்துச் சொல்லியிருக்கிறது. நியாயமான முறையில் பயன்படுத்தலாம். மற்றவர் உரிமையைப் பறிக்கும்படியோ சொத்தின் தன்மையை மாற்றும்படியோ கூடாது. கொட்டகையில் காரை நிறுத்திச் சார்ஜ் போடுவது நியாயமான பயன்பாடு. கொட்டகைக்குப் பூட்டுப் போட்டு மற்றப் புள்ளிகளின் வண்டியை விடாமல் தடுப்பது அப்படியல்ல. முகப்பின் சுண்ணாம்புப் பூச்சைத் துளைத்து, செதுக்கிய நிலைக்கால் வழியாகக் கேபிள் இழுப்பதும் அல்ல. அந்தப் பூச்சை இன்று அதே தரத்தில் திரும்பப் பூசும் கொத்தனார் கிடைப்பது அரிது. அண்ணன் காரைக்குடி நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை கேட்டால், ஈடுசெய்ய முடியாத சேதமா என்பதையும் நீதிபதி பார்ப்பார். அதனால் சார்ஜரைச் சுவரில் மாட்டாதீர்கள். கொட்டகைத் தரையில் இரும்புக் கம்பம் நட்டு அதில் பொருத்துங்கள். கேபிளை வெளிப்புறக் குழாயில் கொண்டுவாருங்கள். கழற்றி எடுக்கக்கூடிய ஒன்றுக்குத் தடை வாங்குவது கடினம். அதைவிட முக்கியம், வீடு கெடாது.

யுனெஸ்கோ பற்றிய பயம் வேண்டாம். செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் 2014-ல் சேர்ந்தது தற்காலிகப் பட்டியலில். அது மட்டுமே எந்த வீட்டுக்காரர் மீதும் சட்டக் கட்டுப்பாடு விதிக்காது. உங்கள் கட்டடத்தைத் தனியாகப் பாதுகாக்கப்பட்டதாக அரசு அறிவித்திருந்தால்தான் அனுமதிக் கேள்வி எழும்.

தீ பற்றி அண்ணன் கேட்பது நூற்றுக்கு நூறு சரியான கேள்வி. மரக் கேசிங்குக்குள் ஓடும், எர்த் இல்லாத பழைய வயரிங்கில் இரவு முழுக்க 16 ஆம்பியர் இழுத்தால் வயர் சூடேறும். அந்த லைனில் கார் சார்ஜ் போட்டுத் தீப்பிடித்தால் மற்றப் பங்காளிகளுக்கு நீங்கள் நஷ்டஈடு கொடுக்க வேண்டிய நிலை வரும். காப்பீட்டு நிறுவனமும் கையை விரிக்கலாம். மத்திய மின்சார ஆணையத்தின் 2023 பாதுகாப்பு விதிமுறைகள் சார்ஜிங்குக்கு வகுத்திருக்கும் அளவுகளை வீட்டுக்கும் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்: மீட்டர் பலகையிலிருந்து தனிச் சர்க்யூட், 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் கசிவுப் பாதுகாப்பு, தரையிலிருந்து குறைந்தது 800 மில்லிமீட்டர் உயரத்தில் சாக்கெட், கார் நிற்கும் இடம் 5 மீட்டருக்குள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் அறவே கூடாது. புதிதாக எர்த் குழி போடுங்கள். உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரரிடம் வேலையைக் கொடுத்து, முடித்ததற்கான அறிக்கையைக் கையெழுத்தோடு வாங்கி வையுங்கள். அண்ணனுக்கு அந்த அறிக்கையின் நகலை அனுப்புங்கள். அவர் பயத்துக்கு அதுதான் மரியாதையான பதில்.

சம்மதக் கடிதத்தைக் கட்டாயம் வாங்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை, இருந்தாலும் முயலுங்கள் என்பதே என் யோசனை. செலவு முழுவதும் என்னுடையது, காருக்கான யூனிட்டைத் தனி சப்-மீட்டர் போட்டு நானே கட்டுவேன், பாகம் பிரியும்போது கழற்றிவிடுவேன், இதை வைத்துக் கொட்டகையில் தனி உரிமை கோர மாட்டேன் என்று நான்கு வரி எழுதுங்கள். மலேசியாவில் இருப்பவர் கையெழுத்திட்டு அனுப்பினால் போதும். இதற்குப் பவர் பத்திரம் தேவையில்லை. இங்கே பலரும் தவறுவது, பங்காளிகளான ஆண்களிடம் மட்டும் கையெழுத்து வாங்குவது. உங்கள் அத்தைமார், அக்கா தங்கைகளுக்கும் பங்கு இருக்கலாம். இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தத்தின்படி பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பிறப்பாலேயே உரிமை என்று 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்துவிட்டது. ஐயாவின் சுய சம்பாத்தியம் என்றாலும், உயில் இல்லாமல் அவர் காலமாகியிருந்தால் பெண்மக்களும் வாரிசுகளே. இணைப்பின் பெயர் மாற்றத்துக்குப் போகும்போது இந்தப் பெயர்கள் விடுபட்டிருந்தால் மனு அங்கேயே நிற்கும். பெயர் மாற்றத்தை இப்போதே தொடங்கிவிடுங்கள். அது சொத்தில் யாருக்கும் கூடுதல் உரிமை தராது என்பதையும் கடிதத்தில் சேர்த்தால் சந்தேகம் குறையும்.

வரிச்சலுகை இல்லை. தமிழ்நாட்டின் சாலைவரி விலக்கும் பச்சை நம்பர் பிளேட்டும் பேட்டரியில் மட்டும் ஓடும் வண்டிகளுக்கே. பெட்ரோல் இன்ஜினும் உள்ள உங்கள் வண்டி அதில் சேராது.

பெயர் மாற்றத்தையோ இணைப்பையோ வாரியம் காரணமின்றி இழுத்தடித்தால், சிவகங்கை மின்பகிர்மான வட்டத்தின் நுகர்வோர் குறைதீர் மன்றத்தில் எழுத்துமூலம் புகார் கொடுங்கள். அங்கே தீராவிட்டால் சென்னையில் உள்ள மின்குறை தீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். சார்ஜரே பழுதென்றால் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். எந்த ஊர்க் கடையில் வாங்கியிருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தொடர 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் கொடுக்கிறது. பொருளின் விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. பில்லைப் பத்திரமாக வையுங்கள்.