சிதைந்த அணுக்கள் சொல்லும் செய்தி

இரத்தப் புற்றுநோய் என்பதை ஒரே நோயாகக் கருதுவோர் பலர். உண்மையில் அது பல நோய்களுக்குரிய பொதுப்பெயர். சில வாரங்களிலேயே உயிருக்கு உலை வைக்கும் வகையும் உண்டு; ஆண்டுக்கணக்கில் ஓசையின்றி உடலில் தங்கும் வகையும் உண்டு. நாட்பட்ட லிம்போசைட் லுக்கேமியா பின்னதைச் சேர்ந்தது. பெரும்பாலும் முதியோரையே பற்றும் இந்நோயில், லிம்போசைட் எனும் வெள்ளணுக்கள் அளவு கடந்து பெருகுகின்றன.

இந்நோயாளிகளுள் சிலர் மருந்தே இன்றிப் பல்லாண்டு வாழ்கின்றனர். வேறு சிலருக்கோ விரைவிலேயே சிகிச்சை தேவைப்படுகிறது. யார் எவ்வகை என்று முன்கூட்டி அறிவது எப்படி? 1975-இல் ராய் என்பாரும், 1981-இல் பினே என்பாரும் நோயின் படிநிலைகளை வகுத்தனர். ஆயினும் முதற்படியில் இருப்போரிடையே காணும் வேறுபாட்டை அவை தெளிவாக்கவில்லை. மரபணுச் சோதனைகள் பிற்பாடு வந்தன. அவற்றுக்குப் பணமும் வேண்டும், உயர்ந்த ஆய்வுக்கூடமும் வேண்டும்.

விலங்கியல் செய்முறை வகுப்பில் நாம் இரத்தப் பூச்சு தயாரிக்கிறோம் அல்லவா? ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் இட்டு, மற்றொரு தகட்டின் விளிம்பால் இழுத்து, லீஷ்மன் சாயம் ஏற்றுகிறோம். இந்நோயாளியின் இரத்தத்தை அவ்வாறு இழுத்தால் பல லிம்போசைட்டுகள் நசுங்கி, உருவமற்ற ஊதாக் கறைகளாகத் தோன்றும். இவற்றையே ஸ்மட்ஜ் செல் என்பர், சிதைவணு எனலாம். ஜெர்மானிய மருத்துவர் கும்பிரெக்ட் 1896-ஆம் ஆண்டிலேயே இவற்றை விவரித்துள்ளார். எனினும், 'பூச்சு இழுத்ததில் நேர்ந்த சேதம்' என்று ஒதுக்கும் வழக்கமே நெடுங்காலம் நிலவியது.

அமெரிக்காவின் மேயோ மருத்துவமனை ஆய்வாளர்கள் ஒதுக்கப்பட்ட இக்கறைகளை எண்ணிப் பார்த்தனர். கணக்கு எளிது: முழு லிம்போசைட்டும் சிதைவணுவுமாக 200 எண்ணி, அதில் 70 சிதைவணு எனில் 35 விழுக்காடு. 108 நோயாளிகளைப் பற்றி 2009-இல் அவர்கள் வெளியிட்ட முடிவு வியப்புக்குரியது. சிதைவணு 30 விழுக்காட்டிற்கு மேல் இருந்தவர்களில் பத்தாண்டு உயிர்வாழ்ந்தோர் 80 விழுக்காடு. 30-உம் அதற்குக் குறைவாகவும் இருந்தவர்களில் 50 விழுக்காடே. உடைந்த அணு மிகுந்தால் நோயாளிக்கு நன்மை!

காரணம் வைமென்டின் என்னும் புரதம். வீட்டிற்குச் சட்டம்போல அணுவின் உருவத்தைத் தாங்கி நிற்பது அது. அது குறைந்த அணு எளிதில் நசுங்கும். மிகுந்த அணு நசுங்காது. வைமென்டின் மிகுந்த லிம்போசைட்டுகளை உடையோரிடம் நோய் வேகமாக முற்றுவதும் காணப்பட்டது.

இவ்வெண்ணிக்கை ஒன்றையே நம்பி மருத்துவம் தொடங்குவதில்லை. 2014 முதல் புதிய மாத்திரைகள் புழக்கத்திற்கு வந்துவிட்டமையால், மேற்சொன்ன விழுக்காடுகளை இன்றைய நோயாளிக்கு அப்படியே பொருத்துவதும் கூடாது. மேலும் சில ஆய்வுக்கூடங்களில் அணுக்கள் உடையாதிருக்க இரத்தத்துடன் அல்புமின் கலந்து பூச்சு இழுப்பதுண்டு. பார்வைக்கு அழகான அந்தத் தகட்டில் எண்ணுவதற்குச் சிதைவணு மிஞ்சாது.