"வயசு போட்டுது, வேறொன்றும் இல்லை"



கோடை விடுமுறை நெருங்குகிறது. நம்மவர்கள் பலர் ஊருக்குப் பயணச்சீட்டு எடுத்துவிட்டார்கள். வீட்டில் பூனையோ நாயோ இருந்தால், அதை யாரிடம் விட்டுச் செல்வது என்ற கேள்வியும் கூடவே வரும். பணம் கட்டி விடும் இடங்கள் இருந்தாலும், தெரிந்தவர் வீட்டில் விடுவதையே பலர் விரும்புகிறார்கள். பொறுப்பேற்பவரும் "சாப்பாடும் தண்ணியும்தானே" என்று தலையாட்டிவிடுகிறார். இளம் பிராணி என்றால் பெரும்பாலும் அப்படித்தான். வயது போன பிராணி என்றால் அப்படியல்ல.

இது எங்கள் வீட்டில் நடந்தது. ஸ்காபரோவில் வசிக்கும் குடும்ப நண்பர் ஒருவர் மூன்று கிழமைக்கு யாழ்ப்பாணம் போனபோது தங்கள் பதினான்கு வயதுப் பூனையை எங்களிடம் விட்டார். "அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை அக்கா, வயசு போட்டுது, அவ்வளவுதான்" என்றார். முதல் நாளே தண்ணீர்ப் பாத்திரம் இரண்டு தரம் காலியானது. மணல் தட்டில் சிறுநீர்க் கட்டிகள் கைப்பிடி அளவில் இருந்தன. நடக்கும்போது பின்னங்கால்களின் குதி நிலத்தில் படிந்தது. மூட்டு வாதம் என்று நினைத்தேன். நான் ஒரு தாதி. என் மாமியாருக்கு எட்டு வருடமாக இன்சுலின் ஊசி போடுபவள். அப்படியிருந்தும் கண்ணெதிரே நிற்பது சலரோகம் என்று எனக்குப் புரியவில்லை. நான்காம் நாள் பூனை சாப்பிடவில்லை, வாந்தி எடுத்தது, எழும்பவும் இல்லை. அவசர மிருக வைத்தியசாலையில், சீனி மிகவும் கூடி இரத்தத்தில் அமிலம் சேர்ந்துவிட்டது என்றார்கள்.

அப்போது இங்கே பிற்பகல் மூன்று மணி, யாழ்ப்பாணத்தில் நள்ளிரவு பன்னிரண்டரை. தொலைபேசியில் எழுப்பிக் கேட்டபோதுதான் உண்மை வந்தது. இரண்டு மாதத்துக்கு முன்னரே அவர்களுடைய வைத்தியர் சலரோகம் என்று கூறி, நாளுக்கு இரண்டு ஊசி தொடங்கச் சொல்லியிருக்கிறார். "ஊசி போட வேணும் எண்டு சொன்னா ஒருத்தரும் பாரமெடுக்க மாட்டினம் எண்டு பயந்திட்டம் அக்கா. வந்து தொடங்குவம் எண்டு இருந்தம்."

பூனை பிழைத்தது. வைத்தியசாலைச் செலவு பல ஆயிரம் டொலர். அதை யார் கட்டுவது என்பதில் இரண்டு குடும்பங்களும் ஆறு மாதம் பேசாமல் இருந்தோம்.

அவரை நான் குறைகூற வரவில்லை. மறைப்பவர்களில் அவரைப் போன்றவர்கள் ஒரு பகுதிதான். மற்றவர்களுக்குத் தாங்கள் மறைப்பதே தெரியாது. தினமும் பார்க்கும் கண்ணுக்கு மெலிவு தெரிவதில்லை. அதிகம் தண்ணீர் குடிப்பது பழக்கமாகத் தோன்றும். ஆகவே "வருத்தம் ஏதும் உண்டோ?" என்று கேட்டால் "இல்லை" என்றுதான் பதில் வரும். வேறுவிதமாகக் கேட்க வேண்டும். கடைசியாக வைத்தியரிடம் போனது எப்போது, அவர் என்ன சொன்னார்? எந்தக் குளிசையாவது, சொட்டு மருந்தாவது உண்டா? கடந்த வருடத்தை விட மெலிந்திருக்கிறதா? தட்டை எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்றுகிறீர்கள்? யாரையாவது கடித்திருக்கிறதா? பயணத்துக்கு இரண்டு கிழமைக்கு முன் அவர்கள் வீட்டுக்கே போய் ஒரு மணி நேரம் இருந்து பார்ப்பது இன்னும் நல்லது. நான்கு கிலோப் பூனை ஒரு நாளில் 200 மில்லிலீற்றருக்கு மேல் தண்ணீர் குடித்தால் சிறுநீரகம், சலரோகம், தைரொயிட் ஆகியவற்றில் ஒன்றைச் சந்தேகிக்கலாம். தூங்கும் பிராணியின் மூச்சை ஒரு நிமிடம் எண்ணுங்கள். திரும்பத் திரும்ப முப்பதுக்கு மேல் வந்தால் இருதயத்தையோ நுரையீரலையோ வைத்தியர் பார்க்க வேண்டும்.

மருந்து விடயத்தில் மறதிக்கு இடமில்லை. வலிப்புக் குளிசையைத் திடீரென நிறுத்தினால் கடும் வலிப்பு வரலாம். நெடுநாள் கொடுத்த ஸ்ரீரொயிட் மருந்தும் அப்படித்தான், சடுதியாக நிறுத்தக்கூடாது. இன்சுலினில் நம் வீடுகளுக்கென்றே ஓர் ஆபத்து உண்டு. பிராணிகளுக்கான சில இன்சுலின்கள் யூ-40 வகை. நம் பெரியவர்கள் போடுவது பெரும்பாலும் யூ-100. ஊசிக் குழாய்களும் அதற்கேற்ப வேறு. யூ-100 இன்சுலினை யூ-40 குழாயில் எடுத்தால் இரண்டரை மடங்கு மருந்து ஏறிவிடும். குளிர்சாதனப் பெட்டியில் மாமியின் மருந்தும் பூனையின் மருந்தும் ஒரே தட்டில் இருக்கவே வேண்டாம். பூனை சாப்பிடாவிட்டால் வழக்கமான அளவைப் போட்டுவிடாமல் முதலில் வைத்தியரைக் கேளுங்கள். ஊசி போட்ட பின் தள்ளாடினால் அல்லது சோர்ந்து விழுந்தால் சீனி இறங்கிவிட்டது என்று கொள்ளலாம். பல்லீறில் சிறிது தேன் தடவிக்கொண்டே வைத்தியரிடம் ஓடுங்கள்.

கைவைத்தியம் வேண்டாம். பனடோல், ரைலனோல் குளிசை ஒன்றே பூனையைக் கொன்றுவிடும். மூட்டு நோகிறதே என்று நாய்க்கு ஐபுப்ரோபென் கொடுப்பதும் ஆபத்து. வெங்காயம், உள்ளி சேர்ந்த கறியும் முந்திரிகை வற்றல் போட்ட பாயாசமும் கூடாது. ஆண் பூனை சிறுநீர் கழிக்க முக்கி, ஒன்றும் வராவிட்டால் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். அடுத்த நாள் வரை பார்ப்போம் என்று இருந்தால் உயிருக்கு உத்தரவாதமில்லை.

இனி, பராமரிப்பவரின் உடல்நலம். நோவுள்ள கிழட்டுப் பிராணி, தொட்டால் கடிக்கும். பூனைக் கடி சிறு புள்ளியாகத் தெரிந்தாலும் ஆழமானது. ஒரு நாளுக்குள் வீங்கிச் சீழ் பிடிக்கலாம். சவர்க்காரமும் தண்ணீரும் விட்டு நன்றாகக் கழுவி, அன்றே டொக்டரிடம் காட்டுங்கள். சலரோகம் உள்ளவர்கள் தாமதிக்கவே கூடாது. ஒன்ராறியோவில் இப்படியான கடிகளைப் பொதுச் சுகாதாரப் பிரிவுக்கு அறிவிப்பார்கள். பிராணியைப் பத்து நாள் அடைத்து வைத்துக் கவனிப்பார்கள். ஆகவே விசர்நோய்த் தடுப்பூசிச் சான்றிதழின் பிரதியை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். கர்ப்பிணிகள் மணல் தட்டைத் தொடாமல் வேறொருவரிடம் விடுவது நல்லது. பூனைக் கழிவில் இருக்கக்கூடிய ரொக்ஸோபிளாஸ்மாக் கிருமி தொற்றும் நிலையை அடைய ஒரு நாளாவது எடுக்கும் என்பதால், தட்டைத் தினமும் துப்புரவாக்க வேண்டும்.

ஊருக்குப் போகிறவர்கள் ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்திட்டு விட்டுச் செல்லுங்கள். வைத்தியரின் பெயர், மருந்தும் அளவும், சிகிச்சைக்குச் சம்மதம், எவ்வளவு தொகை வரை செலவழிக்கலாம், அதை யார் கட்டுவது என்பன அதில் இருக்கட்டும். இன்னொன்றையும் எழுதத்தான் வேண்டும், கை கூசினாலும். பிழைக்க வழியில்லை, நோவு தாங்காது என்று வைத்தியர் சொன்னால், ஊசி போட்டுத் தூங்க வைக்க யார் முடிவெடுப்பது? உங்களைத் தொலைபேசியில் பிடிக்க முடியாத இரவில் அந்த முடிவு நண்பரின் தலையில் விழக்கூடாது.

எங்கள் நண்பர் போன வருடமும் பூனையை எங்களிடம்தான் விட்டுச் சென்றார். இம்முறை நான்கு பக்கக் கடிதம். ஊசி நேரம் காலை ஏழு, மாலை ஏழு. அதோடு, வாலைத் தொட்டால் கடிப்பார் என்று சிவப்பு மையில் ஒரு வரி.