பேசாமல் ஒரு நடை: மணக்குடிக் காயலும் முட்டம் பாறைகளும்

மாசி பாதி கடந்ததும் நாஞ்சில் நாட்டுக் கடற்கரைக்கு மாணவர்களை அழைத்துப் போகத் தோதான காலம் வந்துவிடுகிறது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து ஆற்று நீர் தெளிந்திருக்கும். தென்மேற்குப் பருவக்காற்றுக்கு இன்னும் மூன்று மாதம் இருப்பதால் மேற்குக் கரைக் கடலும் பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். காலை ஏழு மணி வெயில் சுடாது. வடக்கிலிருந்து வந்த வலசைப் பறவைகளும் இன்னும் கிளம்பியிருக்காது. பள்ளியிலோ அது திருப்புதல் தொடங்கும் நேரம். "இப்போது போய்ச் சுற்றுலாவா?" என்று தலைமையாசிரியர் கேட்பார். கேள்வி நியாயமானதுதான். ஆனாலும் ஒரு முற்பகலை இதற்கு ஒதுக்கலாம் என்பதே என் கருத்து. ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை அறிவியல், சமூக அறிவியல், கணிதம், தமிழ் நான்குக்கும் இதில் வேலை இருக்கிறது. நான்காம், ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளுக்கு மணக்குடி மட்டும் போதும்.

இடம் இரண்டு. முதலாவது மணக்குடி. பழையாறு கடலில் சேரும் இடம். காயலும் அலையாத்தி மரங்களும் தென்னந்தோப்புகளும் சேர்ந்த கரை. இரண்டாவது முட்டம். கலங்கரை விளக்கத்துக்குக் கீழே கடலுக்குள் நீளும் பாறைக் கரை. நாகர்கோவிலிலிருந்து இரண்டும் ஒரு மணி நேரத்துக்குள் போகக்கூடிய தூரம்தான். காலையில் மணக்குடியில் நடந்துவிட்டு, மேற்குக் கடற்கரைச் சாலை வழியாக வண்டியில் முட்டம் போய்விடலாம். ஒரே மாவட்டத்தில், ஒரே கடலுக்கு, சேறும் மரமும் உள்ள கரை ஒன்று. மொட்டைப் பாறைக் கரை இன்னொன்று. இரண்டையும் ஒரே நாளில் பார்த்தால்தான் ஒப்பிட முடியும்.

இந்த நடைக்கு விதி ஒன்றுதான். ஒவ்வோர் இடத்திலும் முதல் அரை மணி நேரம் யாரும் பேசக்கூடாது. ஆசிரியரும்தான். மாணவர்கள் இதற்கு எளிதில் பழகிவிடுவார்கள். நமக்குத்தான் சிரமம். ஒரு நாரையைக் கண்டால் பெயர் சொல்லவும், ஒரு வேரைக் கண்டால் அதன் பயனை விளக்கவும் நாக்கு துடிக்கும். அடக்கிக்கொள்ள வேண்டும். நாம் பெயர் சொன்ன மறுகணம் குழந்தை அந்தப் பொருளை விட்டுவிட்டுப் பெயரை எழுதத் தொடங்கிவிடும். குனிந்த தலை நிமிரும்போது நாரை பறந்திருக்கும்.

'மௌன வசந்தம்' எழுதிய ரேச்சல் கார்சனை நம் ஆசிரியர்கள் பலரும் அறிவார்கள். அந்தப் புத்தகம் வருவதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பு, 1956-இல், அவர் ஒரு கட்டுரை எழுதினார். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், கடலோரக் காட்டிலும் பாறைக் கரையிலும் தம் அக்கா மகளின் சிறு மகனோடு நடந்த நடைகளைப் பற்றியது. கார்சன் கடல் உயிரியல் படித்தவர். பாறையில் ஒட்டியிருக்கும் ஒவ்வொன்றின் பெயரும் அவருக்குத் தெரியும். ஆனாலும் பெயர்களைக் கற்பிக்க வேண்டும் என்று அவர் அந்த நடைகளைத் திட்டமிடவில்லை. தனக்குப் பிடித்ததைக் காட்டினார், கூட நின்று பார்த்தார், அவ்வளவுதான். பெயர்கள் பின்னால் தாமாகவே குழந்தையின் மனதில் தங்கியிருந்தன. நம் வகுப்பில் நாற்பது பேர். அவர் கூட்டிப்போனது ஒரே ஒரு குழந்தையை. அந்த வேறுபாட்டை மறக்க வேண்டாம். ஆகவே நாற்பது பேரை ஐந்தைந்து பேராகப் பிரித்து, குழுக்களுக்கு இடையே இருபது முப்பது அடி இடைவெளி விடுவது நல்லது. பெயர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை; அது பிறகு வரட்டும் என்கிறேன்.

மணக்குடி

இங்குள்ள அலையாத்தி மரங்களில் பல வனத்துறை நட்டு வளர்த்தவை. கண்டல் மரத்தின் தாங்குவேர்கள் சேற்றில் கால் பரப்பி நிற்கும். விதை மரத்திலேயே முளைத்து நீளமாகத் தொங்கும். கீழே விழுந்து முளைப்பதற்குள் நீர் அடித்துக்கொண்டு போய்விடக்கூடிய இடத்தில் இது எவ்வளவு பெரிய வசதி என்று குழந்தைகளே கண்டுபிடிக்கட்டும். சேற்றில் அழுகிய முட்டை நாற்றம் வரும். மூக்கைப் பொத்துபவர்களைப் பொத்த விடுங்கள். ஹைட்ரஜன் சல்பைடு என்ற பெயரை மறுநாள் கரும்பலகையில் எழுதும்போது அந்த நாற்றம் நினைவுக்கு வந்தால் போதும்.

பறவைகளுக்கு இருநோக்கி இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் குறை ஒன்றுமில்லை. நீர் விளிம்பில் ஓடியோடி நிற்பவை உப்புக்கொத்திகள். வாலை ஆட்டிக்கொண்டே நடப்பது உள்ளான். நீருக்கு மேலே வட்டமிட்டுச் சட்டென்று பாய்பவை ஆலாக்கள். இவற்றில் பல குளிர்காலத்துக்கு நம்மிடம் வந்தவை. சித்திரைக்குள் பெரும்பாலானவை கிளம்பிவிடும். சற்று உள்ளே இருக்கும் சுசீந்திரம், தேரூர்க் குளங்களும் இவற்றுக்கு உறைவிடம்தான். அந்த ஈரநிலத் தொகுதி 2022-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. மாணவர்கள் பறவையின் பெயருக்குப் பதிலாக அது என்ன செய்தது என்பதை மட்டும் எழுதட்டும்: ஓடியது, குத்தியது, காத்திருந்தது.

இனி ஆறு கடலைச் சேரும் வாய்க்குப் போக வேண்டும். மழை குறைந்த மாதங்களில் கடல் மணலைத் தள்ளித் தள்ளி இந்த வாயைக் குறுக்கும். சில நேரம் அடைத்தே விடும். மழைக்காலத்தில் ஆற்று வெள்ளம் அந்த மணல் திட்டை உடைத்துக்கொண்டு வெளியேறும். உள்ளே ஒரு புட்டி, மணல் திட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு புட்டி என்று இரண்டு புட்டி நீர் எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளியில் ஒரே அளவு நீரை இரண்டு தட்டுகளில் ஊற்றி வெயிலில் வைத்தால் எஞ்சும் உப்பின் அளவு கதையைச் சொல்லிவிடும்.

மணக்குடியில் நிற்கும்போது பாலத்தைக் கவனிக்காமல் இருக்க முடியாது. கீழமணக்குடியையும் மேலமணக்குடியையும் இணைத்த பழைய பாலம் 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் உடைந்து அடித்துச் செல்லப்பட்டது. இப்போது இருப்பது அதற்குப் பின் கட்டியது. நம் மாணவர்கள் அதற்கும் பிறகு பிறந்தவர்கள். ஆனால் அவர்களில் சிலருடைய வீட்டில் அன்று பறிகொடுத்த ஒருவரின் படம் சுவரில் மாட்டியிருக்கும். இங்கே நின்று நிலநடுக்கம், அலை வேகம் என்று பாடம் எடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அந்தப் பாடத்துக்கு வகுப்பறை இருக்கிறது. முந்தைய வாரமே எந்தெந்தக் குழந்தைகளின் குடும்பத்தில் இழப்பு உண்டு என்பதை வகுப்பாசிரியரிடம் மெதுவாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அவர்களில் யாராவது தானாக ஏதும் சொல்ல வந்தால் கேளுங்கள். நாமாக யாரையும் சொல்லத் தூண்டக்கூடாது.

முட்டம்

முட்டத்தைச் சினிமாவில் பார்த்தவர்கள் அதிகம். 'அலைகள் ஓய்வதில்லை'யும் 'கடலோரக் கவிதைக'ளும் இங்கே எடுக்கப்பட்டவை. இரண்டாவது படத்தின் நாயகி ஓர் ஆசிரியை என்பதை உடன் வரும் ஆசிரியர்கள் நினைவூட்டாமல் இருக்க மாட்டார்கள்! அந்தப் பேச்சை வண்டியிலேயே முடித்துவிட்டு இறங்குவது நல்லது.

பாறையில் முதலில் பார்க்க வேண்டியது வரிகளை. நம் கரையில் கடலின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு. குஜராத்தின் காம்பே வளைகுடாவில் அது பத்து மீட்டர் அளவுக்குப் போகும். அங்கே நெடுந்தூரம் விரிந்து கிடக்கும் உயிர் வரிசை இங்கே ஒரு பாறையின் பக்கத்தில், ஒரு குழந்தையின் உயரத்துக்குள் அடங்கிவிடுகிறது. மேலே, அலைத்துளி மட்டும் படும் இடத்தில், பாறை வெடிப்புகளில் மிளகு அளவு நத்தைகள் வாயை மூடிக்கொண்டு ஒட்டியிருக்கும். அதற்குக் கீழே வெள்ளையாக, கூர்மையாகக் கொட்டலசு. இன்னும் கீழே, எப்போதும் நனையும் இடத்தில் பாசியும் சிப்பியும். கொல்லம் பக்கத்திலிருந்து கன்னியாகுமரி வரையுள்ள கரையில் காணப்படும் பழுப்புச் சிப்பியும் இவற்றில் ஒன்று. மூழ்கி இதை எடுத்து விற்பது இந்தக் கரையின் ஒரு தொழில். ஒரு நூலில் சாண் அளவுக்கு ஒரு முடிச்சுப் போட்டு, பாதுகாப்பான ஒரு பாறையின் மேலிருந்து தொங்கவிட்டு, எந்த முடிச்சில் எது இருக்கிறது என்று குறித்தால் வரைபடம் ஒன்று கிடைத்துவிடும். உயிருள்ள எதையும் பிய்த்து எடுக்கக்கூடாது என்பதை முன்பே சொல்லிவிட வேண்டும்.

அடுத்தது மணல். கால் பதித்த இடத்தில் கறுப்பும் இளஞ்சிவப்புமாக வரிகள் தெரியும். கறுப்பு பெரும்பாலும் இல்மனைட், சிவப்பு கார்னெட். அருகிலுள்ள மணவாளக்குறிச்சி மணலில் இவற்றோடு தோரியம் அடங்கிய மோனசைட்டும் உண்டு. அது வெளியுலகுக்குத் தெரிந்த விதம் வேடிக்கையானது. இந்தப் பகுதியிலிருந்து ஏற்றுமதியான தேங்காய் நார்ச் சரக்கில் ஒட்டியிருந்த மணலை வைத்து, 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர் அதைக் கண்டறிந்தார். கயிறு திரித்தவர்கள் கையில் நாள்தோறும் ஒட்டிய மணல்தான் அது.

மூன்றாவது, கணிதம். கலங்கரை விளக்கத்தின் அருகே நின்றால் தேவாலயக் கோபுரங்களும் தென்னைகளும் தொலைவில் மலை உச்சிகளும் தெரியும். கடலில் அடையாளம் ஏதும் கிடையாது. இருந்தும் மீனவர்கள் நீருக்கடியில் உள்ள ஒரு பாறைத் திட்டுக்கு மறுபடி மறுபடி சரியாகப் போய்ச் சேர்ந்தார்கள். கரையில் முன்னும் பின்னுமாக நிற்கும் இரண்டு அடையாளங்கள், ஒரு கோபுரமும் அதன் பின்னால் ஒரு மலை உச்சியும் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றன் மேல் ஒன்றாகத் தெரியும்படி வள்ளத்தை நிறுத்தினால் ஒரு நேர்கோடு கிடைத்துவிட்டது. வேறொரு திசையில் இன்னொரு இரண்டு அடையாளம், இன்னொரு கோடு. இரண்டும் வெட்டும் புள்ளியில்தான் திட்டு. ஒன்பதாம், பத்தாம் வகுப்பில் இரு நேரியல் சமன்பாடுகளின் தீர்வை வரைபடத்தில் காண்பது இதே வேலைதான். செயற்கைக்கோள் கருவி வந்த பிறகு இந்தப் பழக்கம் குறைந்துவிட்டது. தாத்தாமாரிடம் கேட்டால் இன்னும் சொல்வார்கள்.

சொற்கள்

அரை மணி நேர மௌனம் முடிந்ததும் நிழலில் வட்டமாக உட்காருங்கள். "என்ன மக்களே பாத்திய?" என்று ஒரே ஒரு கேள்வி போதும். இப்போது கவனிக்க வேண்டியது, எந்தச் சொல் யார் வாயிலிருந்து வருகிறது என்பதை. கடற்கரை ஊர்க் குழந்தை "பொழி" என்பான். புத்தகத்தில் அது கழிமுகம். அவன் சாளை என்பது புத்தகத்தில் மத்தி. அயிலை என்பது கானாங்கெளுத்தி. நீவாடு என்பது நீரோட்டம். வழக்கமாக வகுப்பில் வாய் திறக்காமல் பின்வரிசையில் இருப்பவர்களிடமிருந்தே இந்தச் சொற்கள் வரக்கூடும். அவற்றைத் திருத்த வேண்டாம். இரண்டு சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். தேர்வில் புத்தகச் சொல் வேண்டும் என்பது அவர்களுக்கும் தெரியும்.

வட்டாரச் சொல் அறிவியலுக்குப் பயன்படுமா என்று கேட்கும் ஆசிரியர்களுக்கு ஒரு சொல்லைக் காட்டலாம்: கள்ளக்கடல். காற்று இல்லை, மழை இல்லை, வானம் தெளிவு. ஆனால் திடீரென்று கடல் பொங்கிக் கரை ஏறிவிடும். கள்ளனைப் போல் சொல்லாமல் வருவதால் கேரள, குமரி மீனவர்கள் வைத்த பெயர் இது. தெற்கே வெகு தொலைவில், இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் எழும் புயல்கள் உண்டாக்கும் நீண்ட அலைகள் சில நாள் பயணம் செய்து நம் கரையை அடைகின்றன என்று ஆய்வாளர்கள் பின்னர் விளக்கினார்கள். விளக்கம் கிடைத்த பிறகும் அவர்கள் பெயரை மாற்றவில்லை. யுனெஸ்கோ 2012-இல் அந்தச் சொல்லையே ஏற்றுக்கொண்டது. ஐதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையமும் இதே பெயரில் எச்சரிக்கை விடுக்கிறது.

2024 மே 6 அன்று நம் மாவட்டத்தின் கணபதிபுரம் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி உயிரிழந்தார்கள். அப்போது கள்ளக்கடல் எச்சரிக்கை நடப்பில் இருந்தது. கள்ளக்கடல் பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களில் வருவது. மாசியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். என்றாலும் மாசியிலும் கடலை நம்பிவிட முடியாது. முதல் நாள் மாலையும் அன்று காலையும் எச்சரிக்கை ஏதும் உண்டா என்று பாருங்கள். எச்சரிக்கை இருந்தால் நடையைத் தள்ளிப்போடுங்கள். பாறையில் நனைந்த கறுப்புப் பகுதிக்குக் கீழே யாரும் இறங்கக்கூடாது. கடலுக்கு முதுகு காட்டிப் படம் எடுக்கக்கூடாது. பத்து மாணவருக்கு ஒரு பெரியவராவது வேண்டும். உள்ளூர் மீனவப் பெற்றோர் ஒருவரைப் பள்ளி மேலாண்மைக் குழு வழியாக உடன் அழைத்துக்கொள்ளுங்கள். அன்றைய கடலின் போக்கை நம்மைவிட அவர் நன்றாக அறிவார். "இண்ணைக்கு வேண்டாம் சார்" என்று அவர் சொன்னால் திரும்பிவிடுங்கள்.

பெற்றோர் ஒப்புதல், உரிய அலுவலரின் அனுமதி, முதலுதவிப் பெட்டி, குடிநீர் எல்லாம் வழக்கம்போல. பலரும் விட்டுவிடுவது கழிப்பறையை. போகும் வழியில் எந்தப் பள்ளியில் இறங்கலாம் என்று முன்பே பேசி வைத்துக்கொண்டால் பெண் குழந்தைகள் தண்ணீர் குடிக்காமல் வர மாட்டார்கள். பாறையில் ஏற முடியாத மாணவருக்குக் கலங்கரை விளக்கத்தின் அருகிலிருந்து கடலையும் வானத்தையும் கவனிக்கும் பொறுப்பைக் கொடுக்கலாம். அது குறைந்த வேலை அல்ல. எத்தனை அலைக்கு ஒரு பெரிய அலை என்று எண்ணுபவர் அவர்தான்.

பள்ளிக்குத் திரும்பியதும் அறிக்கை எழுதச் சொல்ல வேண்டாம். ஒவ்வொருவரும் ஒரே ஒரு பொருளைப் பற்றி அரைப் பக்கம் எழுதட்டும். நூல் முடிச்சு வரைபடத்தையும் இரட்டைச் சொற்பட்டியலையும் தேதி போட்டு வகுப்புச் சுவரில் ஒட்டுங்கள். பட்டியலில் இடம் விட்டு வையுங்கள். வீட்டில் கேட்டு வந்து எழுதிச் சேர்ப்பார்கள். அடுத்த மாசியில் அதே வாரம், அதே பாறையில், அதே நூலைத் தொங்கவிடும் வகுப்பு இந்த வரைபடத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போகட்டும்.