வரக்காப்பி குடு

அன்பு மருமகளுக்கு,

தாத்தாவை ஏற்றிக்கொண்டு ஜீப் மன்னவனூருக்குக் கிளம்பிய பிறகுதான் உன் வாட்ஸ்அப்பைப் பார்த்தேன். "எந்த ராகம் போட்டா தாத்தாவுக்குப் பேச்சு வரும் மாமா?" கூடவே, நோய்க்கொரு ராகம் என்று ஒரு பட்டியல்.

அந்தப் பட்டியலை அழித்துவிடு. சீடன் தம்பியப்பனின் வயிற்றுவலி தீர முத்துசுவாமி தீட்சிதர் அடாணாவில் கீர்த்தனை செய்தார் என்று வழிவழியாகச் சொல்வார்கள். குன்னக்குடி வைத்தியநாதனும் சென்னையில் ராக ஆராய்ச்சி மையம் நடத்திப் பார்த்தார். ஆனாலும் மருந்துச் சீட்டு மாதிரி ராகம் எழுதித்தரும் அளவுக்குச் சான்று கிடையாது. சான்று இருப்பது வேறொன்றுக்கு. 2015இல் லான்செட் இதழில் 73 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். ஆபரேஷனை ஒட்டிப் பாட்டுக் கேட்ட நோயாளிகளுக்கு வலியும் பயமும் குறைந்திருந்தன. வலி மருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது. எந்தப் பாட்டு என்பது பெரிய விஷயமாக இல்லை!

தாத்தா கதை வேறு. பக்கவாதம் மூளையின் இடப்பக்கம் தாக்கியதில் வலது கையோடு பேச்சும் போனது. நாம் சொல்வது புரிகிறது, பதில்தான் வரவில்லை. இப்படி ஆனவர்களில் சிலருக்குப் பேச வராத சொல் பாட்டில் வந்துவிடும். அதை வைத்து 1973 வாக்கில் பாஸ்டனில் உருவான பயிற்சியைத்தான் இங்கே ஆஸ்பத்திரி வார்டில் செய்துகொண்டிருந்தோம். மூன்றாம் வாரம் வரை ஒன்றும் நடக்கவில்லை. ஒருநாள், ஆட்டுப்பண்ணையில் மெரினோ மந்தையை மடக்க அவர் இழுப்பாரே ஒரு நீட்டல், அதை நான் முனகினேன். தாத்தா வாயிலிருந்து "ஏ..." என்று கிளம்பியது பார், பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

இனி உன் வேலை. அவருடைய இடது கையைப் பிடித்து மேசைமேல் தட்டு. தண்-ணி-வே-ணும், நாலு தட்டு. 'வே' மட்டும் மேலே, மற்றதெல்லாம் கீழே. முதலில் நீ முனகு, அப்புறம் சேர்ந்து பாடுங்கள், பாதியில் நீ நிறுத்து, அவர் முடிக்கட்டும். நன்றாக வந்தபின் ராகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பேச்சாக்கு. சினிமாப் பாட்டை முழுசாகப் பாடவைத்துச் சந்தோஷப்படாதே, அது பேச்சாகாது. காலையில் கால்மணி நேரம் போதும். களைத்தாலோ அழுதாலோ விட்டுவிடு. கொடைக்கானலுக்குச் செக்கப்புக்குப் போகும்போது டாக்டரிடமும் சொல்.

தண்ணி முடிந்ததும் 'வரக்காப்பி குடு'. கிளாஸைப் பார்த்துக் கை நீட்டுவார். உடனே கொடுத்துவிடாதே.

அன்புடன்,
மாமா