புரதம் செய்யாத ஆர்.என்.ஏ.

அன்புள்ள கயல்விழிக்கு,

புரதமே செய்யாத ஆர்.என்.ஏ. பெருங்குடல் புற்றுநோயை எப்படி வளர்க்கும் என்று கேட்டிருந்தாய். ஆர்.என்.ஏ.வைப் பாடப்புத்தகம் டி.என்.ஏ.வுக்கும் புரதத்துக்கும் நடுவிலான தூதாகவே காட்டுவதால் எழும் கேள்வி இது. நம் டி.என்.ஏ.வில் புரதத்துக்கான பகுதி 2 சதவீதத்துக்கும் குறைவு. மற்றப் பகுதிகளிலிருந்து படியெடுக்கப்படும் ஆர்.என்.ஏ.க்களில் பல, பிற மரபணுக்களைத் தூண்டவோ அடக்கவோ செய்கின்றன. அவற்றில் மிகச் சிறியவை மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள், நீளம் ஏறத்தாழ 22 நியூக்ளியோடைடுகள். உருளைப்புழுவில் இவற்றின் முதல் உறுப்பையும் அது செயல்படும் விதத்தையும் 1993இல் கண்டறிந்த விக்டர் ஆம்ப்ரோஸும் கேரி ருவ்குனும் 2024இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

மிர்-21 என்ற மைக்ரோ ஆர்.என்.ஏ.வை எடுத்துக்கொள். பெருங்குடல் கட்டிகளில் இது மிகுந்திருக்கும். பிடிசிடி4 என்ற புரதம் கட்டி வளர்வதையும் ஊடுருவுவதையும் தடுக்கக்கூடியது. அதன் தூது ஆர்.என்.ஏ.வின் வால்பகுதியில் மிர்-21 போய் ஒட்டிக்கொள்ள, புரதம் உருவாவது குறைந்துவிடுகிறது. மரபணுவில் ஒரு பழுதும் இருக்காது, கயல். அதுதான் என்னை இன்றும் வியக்க வைக்கிறது. தடை தளர்ந்த செல்கள் பக்கத்துத் திசுவுக்குள்ளும் ரத்தக் குழாய்க்குள்ளும் நுழைகின்றன. குடலின் ரத்தம் போர்ட்டல் சிரை வழியே கல்லீரலுக்குப் போவதால், இந்நோய் அதிகம் பரவும் உறுப்பும் அதுவே. மிர்-200 குடும்பம் மிர்-21க்கு எதிர்ப்பக்கம்: செல்கள் ஒன்றையொன்று பற்றியிருக்க அது உதவுகிறது.

இவ்வளவு படித்ததும், கட்டியில் கூடியிருப்பது நோயை வளர்ப்பது, குறைந்திருப்பது தடுப்பது என்று பட்டியல் போடத் தோன்றும். அங்கே நிதானம் வேண்டும். பெருங்குடல் கட்டிகளில் மிர்-143, மிர்-145 இரண்டும் குறைந்திருப்பதை 2003இல் கண்டார்கள். இவை புற்றை அடக்குபவை என்ற கருத்து வேரூன்றியது. 2014இல் எலிக்குடலில் செல்வகை வாரியாகத் தேடியபோது, புற்று தோன்றும் உட்சுவரின் எபிதீலியச் செல்களில் அவை இல்லை. அடியிலிருக்கும் தசை, இணைப்புத்திசுச் செல்களில்தான் இருந்தன. கட்டியில் எபிதீலியச் செல்கள் பெருகிக் கிடப்பதால், திசுவை மொத்தமாக அரைத்து அளந்தால் அளவு குறைந்துதான் தெரியும். ஆகவே எந்த ஆய்வுக்கட்டுரையிலும் முதலில் செய்முறைப் பகுதிக்குப் போ. அளந்தது முழுத் திசுவையா, பிரித்தெடுத்த செல்களையா என்று பார்.

அந்த எலிகளில் மிர்-143, மிர்-145 இரண்டையும் நீக்கியபோது குடலின் உட்சுவர் கட்டுமீறி வளரவில்லை. காயம்பட்ட இடத்தில் மீண்டும் வளரவே திணறியது. அடியிலிருந்த செல்கள் ஐஜிஎஃப்பிபி5 என்ற புரதத்தைக் கூடுதலாகச் சுரந்து, வளர்ச்சிக்கான சைகை மேலே சேராமல் தடுத்திருந்தன.

அன்புடன்,
அத்தை